தண்ணீரை அளந்தவன்

காலையில் எழுந்ததும் ரவிதேஜா மோட்டார் போடுவான். மேல் தொட்டி நிரம்புவதற்குள் கேட்டில் தொங்கும் பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்து வந்து, பல் துலக்கி, பால்கனியில் காய்ந்த துணிகளை மடித்துவிடுவான். மனைவி ஹாரிகா இட்லி ஊற்றுவாள். அவளுக்குக் காபி, அவனுக்கு டீ. இரண்டு டப்பாவில் மதியச் சாப்பாடு. சாப்பிட்டதும் அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி அவள் உள்ளங்கையில் வைப்பான். வெளிர்மஞ்சள் மாத்திரை. அதை விழுங்கிவிட்டு அவள் கண்ணாடி முன் உட்கார்ந்து சடை பின்னுவாள். பின்னி முடிக்கும்போதுதான் ரப்பர் பேண்டைத் தேடுவாள். அது கிடைக்கும்வரை சடை நுனியைப் பிடித்துக்கொண்டு அவன் நிற்பான். பிறகு அவள் வேலை பார்க்கும் பள்ளியின் வேன் வரும். அவள் போவாள். மோட்டாரை நிறுத்தியாயிற்றா என்று ஒரு தரம் பார்த்துவிட்டு அவன் வண்டியை எடுப்பான்.

துடியலூரில் அந்த ஃபிளாட்டுக்குக் குடிவந்ததும் அந்த மாத்திரையைத் தொடங்கியதும் ஒரே வாரத்தில். பின்னால் நடந்த குழப்பமெல்லாம் அதனால் வந்தது.

ஹாரிகாவுக்குக் கல்யாணமான அடுத்த வருடம் வயிற்றில் தொந்தரவு ஆரம்பித்தது. மலத்தில் ரத்தம் போனது. வெளியே சொல்லக் கூசிக்கொண்டு மூலம் என்று தானே முடிவு கட்டி, வெந்தயத்தை ஊறவைத்துத் தின்றுகொண்டிருந்தாள். ஒருநாள் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தவள் பாதியில் சாக்பீஸை வைத்துவிட்டு ஓடினாள். அன்று சாயங்காலம்தான் அவனிடம் சொன்னாள். குழாய் விட்டுப் பார்த்த டாக்டர் பெருங்குடல் முழுக்கப் புண் என்றார். ஸ்டீராய்டு கொடுத்தார். ரத்தம் நின்றது, முகம் வீங்கியது. பையன்கள் அவளுக்கு 'பன்னு மிஸ்' என்று பெயர் வைத்தார்கள். அதை அவளே வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தாள். ஸ்டீராய்டைக் குறைத்தால் மறுபடியும் ரத்தம் வந்தது. அதனால்தான் இந்த மஞ்சள் மாத்திரை.

அதன் வேலையை டாக்டர் ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். குடலை வெளியாள் யாரும் புண்ணாக்கவில்லை. அவளுடைய வெள்ளையணுக்களே போய்க் கடிக்கின்றன. ஒரு செல் இரண்டாக வேண்டுமானால் முதலில் தன் டி.என்.ஏ.வைப் பிரதி எடுக்க வேண்டும். அதற்கு வேண்டிய துண்டுகளைச் செய்து தருபவை நொதிகள். இந்த மாத்திரை அந்த நொதிகளைத் தடுக்கும். துண்டு கிடைக்காவிட்டால் வெள்ளையணு பெருகாது, குடல் ஆறிவிடும். ரவிதேஜாவுக்கு அந்த விளக்கம் பிடித்திருந்தது. அவன் பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் எஞ்சினியர். ஒவ்வொரு பம்பையும் தொட்டியில் இறக்கி, எவ்வளவு தண்ணீர் தள்ளுகிறது, எத்தனை அடி ஏற்றுகிறது, எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று அளப்பவன். வால்வை அரைத் திருகு மூடுகிறார்கள், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டான்.

பத்து நாள் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எண்ணிக்கை சரியாக இருந்தது. மறுபடி இரண்டு வாரத்தில் பார்க்கலாம், நடுவில் காய்ச்சல் வந்தால் மட்டும் உடனே வாருங்கள் என்றார் டாக்டர். முடியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

முதலில் சீப்பில் வந்தது. கண்ணாடி முன்னால் ஹாரிகா அதைச் சுருட்டிச் சுருட்டி ஒரு பந்தாக்கி, அவன் முன்னால் நீட்டினாள். அடுத்த நாள் தலையணையில் கிடந்தது. கீழ்வீட்டு ரிஃபானாவிடம் படியில் நின்று சொன்னபோது, அவள் ஆச்சரியமே படவில்லை.

"இந்த பில்டிங் போர் தண்ணி அப்படிங்க. வந்த மூணே மாசத்துல எனக்குப் பாதி போயிருச்சு. எங்க ஊட்டுக்காரருக்கு மொத்தமுமே போயிருச்சு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "அவருக்கு நிக்காவுக்கு முன்னாடியே போயிருச்சுங்க. அந்தப் பழியையும் தண்ணி மேலயே போட்டுக்கறாரு."

ஹாரிகா வீட்டுக்குள் வந்த பிறகும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவள் பிறந்த வீடு செல்வபுரத்தில். சிறுவாணித் தண்ணீர் வரும் வீடு. கோயமுத்தூரில் சிறுவாணி குடித்து வளர்ந்தவர்களுக்கு மற்ற எந்த ஊர்த் தண்ணீரும் தண்ணீர் இல்லை. பெண் கொடுக்கும்போதே தண்ணீரை விசாரிப்பார்கள். அவளுடைய அம்மா கனகம் ஃபிளாட்டைப் பார்க்க வந்த அன்றே சமையலறைக் குழாயைத் திறந்து ஒரு வாய் கொப்பளித்துத் துப்பினாள். வீட்டில் வேறெதையும் பற்றி அவள் அபிப்பிராயம் சொல்லவில்லை. இப்போது முடி என்றதும் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

"உப்புத் தண்ணி கண்ணு. நான் அன்னைக்கே சொன்னேனில்ல. தலைக்கு இந்தத் தண்ணிய ஊத்தாத."

ரவிதேஜா எதையும் அளக்காமல் நம்புகிறவனில்லை. காந்திபுரத்தில் ஒரு கடையில் தண்ணீரின் உப்பை அளக்கும் பேனா போன்ற மீட்டர் வாங்கினான். ஃபிளாட் குழாயில் முக்கினான். ஆயிரத்து முந்நூறைத் தாண்டியது. ஞாயிற்றுக்கிழமை செல்வபுரத்துக்குக் கொண்டுபோய் மாமனார் முன்னால் அந்தக் குழாயிலும் முக்கினான். நாற்பது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். மாமனார் சுந்தரராஜுலு தன் பெண்ணே பரீட்சையில் மார்க் வாங்கியதுபோல் நிமிர்ந்தார். அவனுக்கும் நிம்மதியாக இருந்தது. காரணம் கிடைத்துவிட்டது, அதற்கு ஓர் எண்ணும் இருந்தது.

அன்றிலிருந்து வேலை முடிந்து செல்வபுரம் போய், வண்டியின் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு கேன் நிரப்பி வருவான். மேட்டுப்பாளையம் ரோட்டு நெரிசலில் கேன் முழங்காலில் இடிக்கும். சுந்தரராஜுலு வாசலில் நின்று கேனைத் தூக்கிக் கொடுப்பார்.

"சீர்ல எல்லாத்தையும் வெச்சேன் மாப்ள. தண்ணிய வெக்க மறந்துட்டேன்."

"இப்ப தவணையில குடுத்துருங்க மாமா."

இப்படி அவர்கள் கேலி பேசிக்கொண்டிருந்தார்கள். மாத்திரை தினம் ஒன்று போய்க்கொண்டிருந்தது.

ஒருமுறை அவள் கேட்டாள். ராத்திரிச் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, அவன் பக்கம் திரும்பாமல் கேட்டாள். மூன்றாம் ஆள் இருந்தால் அவனை ஏனுங்க என்று கூப்பிடுவாள், யாரும் இல்லாவிட்டால் ரவி. அதுதான் அவள் வழக்கம்.

"ரவி, இது மாத்திரையால இருக்குமோ?"

அவன் போனை எடுத்துத் தேடினான். முடி உதிர்தல் என்று போட்டிருந்தது. கூடவே தலைவலி, வாந்தி, தூக்கமின்மை, கை நடுக்கம் என்று உலகத்தில் உள்ளதெல்லாம் போட்டிருந்தது. ஸ்டீராய்டைக் குறைத்தாலும் முடி உதிரலாம் என்று இன்னோரிடத்தில் இருந்தது. மறுநாள் கிளினிக்குக்குப் போன் செய்தான். போனை எடுத்த பெண், அடுத்த வாரம் ரத்தப் பரிசோதனைக்கு வரும்போது டாக்டரிடம் சொல்லுங்கள் என்றாள். ஒரு வாரம்தானே என்று இருந்தது. மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமா என்று அவன் கேட்டதற்கு ஹாரிகாவே வேண்டாம் என்றாள். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக பாத்ரூம் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் ஓர் இடத்தில் உட்கார முடிகிறதாம். முடி வளரும், குடல் வளராது என்றாள். அவனும் அதை ஒப்புக்கொண்டான். அடுத்த நாள் காலை மாத்திரையைப் பிதுக்கி அவள் கையில் வைத்தான்.

சனிக்கிழமை கனகம் வந்து சிறுவாணித் தண்ணீரை வெதுவெதுப்பாகக் காய்ச்சி, சீயக்காய் போட்டு அவளே தேய்த்துவிட்டாள். ஹாரிகா முக்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். ரவிதேஜா கதவருகில் துண்டோடு நின்றான். முதல் சொம்பை ஊற்றி விரலை விட்டு அலசியதும், முடி வேரோடு கொத்தாகக் கையில் வந்தது. இழுக்கவே இல்லை. தொட்டதும் வந்தது. அடியில் வெள்ளையாகத் தலை தெரிந்தது. கனகம் அந்த ஈர முடியைத் தன் முந்தானைக்குள் சொருகினாள். மறு கையால் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தாள். மறுபடியும் வந்தது. அதையும் சொருகினாள். முந்தானை கனத்துத் தொங்கியது.

"அம்மா, எவ்வளவு வருது?"

"கொஞ்சந்தான் அம்மணி. கண்ணுல சீயக்கா படும், மூடிக்க."

ஹாரிகா கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் தண்ணீர் போகும் ஓட்டையில் முடி அடைத்து, கால் விரல்களைச் சுற்றி நீர் தேங்கியிருந்தது. அது அவளுக்குத் தெரிந்திருக்கும்.

அதற்கடுத்து வாயில் புண் வந்தது. ரசம் சாதம் இறங்கவில்லை. உடம்புச் சூடு என்றார்கள். சுந்தரராஜுலு காங்கேயத்தில் தெரிந்தவர் தோப்பிலிருந்து ஒரு குலை இளநீர் வெட்டிக்கொண்டு வந்து போட்டார். அவள் ஒரு மடக்குக் குடித்துவிட்டு எரிகிறது என்று வைத்துவிட்டாள். ரத்தப் பரிசோதனைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தபோது குளிர் காய்ச்சல் வந்தது. போர்வைக்குள் அவள் நடுங்கியதில் கட்டிலே ஆடியது. அன்று காலை மட்டும் ரவிதேஜா மாத்திரை கொடுக்கவில்லை. வாயில் எதையும் வைக்க முடியவில்லை என்பதுதான் காரணம்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்த அரை மணியில் ஆட்கள் வேகமாக நடக்க ஆரம்பித்தார்கள். அவளைத் தனி அறைக்கு மாற்றினார்கள். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள், மாஸ்க் கொடுத்தார்கள், வாசலில் ஒரு குழாயைக் காட்டிக் கை கழுவச் சொன்னார்கள். நாலாயிரமாவது இருக்க வேண்டிய வெள்ளையணு இருநூறுக்கு வந்திருந்தது. ரத்தவியல் டாக்டர் பிரத்யுஷா அவனைவிட இரண்டொரு வயது மூத்தவளாக இருப்பாள். அவள் முதலில் கேட்டது முடியைப் பற்றித்தான். எப்போதிலிருந்து கொட்டுகிறது என்றாள். அவன் சொன்னான். அவள் கண்ணை ஒருகணம் மூடித் திறந்தாள். அவன் தண்ணீரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து, ஆயிரத்து முந்நூறு என்று சொல்லி, அதோடு நிறுத்திக்கொண்டான்.

அவள் மெதுவாகத்தான் விளக்கினாள். இந்த மருந்து உடம்பில் தேங்கிவிடாமல் கழித்துக்கொண்டே இருக்க இன்னொரு நொதி உண்டு. அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று என்று அதன் மரபணுவுக்கு இரண்டு பிரதி. நம் ஆட்களில் சிலருக்கு ஒரு பிரதி பழுதாக இருக்கும். டோஸைக் குறைத்தால் போதும். இரண்டுமே பழுதானவர்களுக்குச் சாதாரண டோஸே விஷம். எலும்பு மஜ்ஜை மொத்தமாக நின்றுவிடும். முடியின் வேரும் ஓயாமல் பெருகும் செல்தான் என்பதால் அது முதலில் உதிரும்.

"அவங்க அப்பா அம்மா சொந்தத்துல கட்டினவங்களா?"

"ஆமாங்க. மாமாவோட சொந்த அக்கா மகதான் அத்தை."

அவள் தலையசைத்தாள். பரிசோதனைக்கு அனுப்புகிறேன், முடிவு வர நாளாகும், அதற்காகக் காத்திருக்கப் போவதில்லை என்றாள்.

"மருந்தை வெளிய எடுத்துர முடியாதுங்களா? டயாலிசிஸ் மாதிரி?"

"அது ரத்தத்துல இல்லீங்க. செல்லுக்குள்ள போயி டி.என்.ஏ.வுலயே உக்காந்துருச்சு."

"வெள்ளையணுவை ஏத்த முடியாதுங்களா? நான் குடுக்கறேன்."

"ரத்தம் ஏத்தற மாதிரி அதை ஏத்தறது சுலபம் இல்லீங்க, ஏத்துனாலும் நிக்காது. மஜ்ஜை தானா முழிக்கணும். தூண்டற ஊசி போட்டிருக்கோம். அதுவரைக்கும் கிருமி ஜெயிக்காமப் பாத்துக்கணும்."

"நான் என்னங்க செய்யணும்?"

அவள் வாசல் குழாயைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒவ்வொரு தடவையும் கையைக் கழுவிட்டு உள்ள வாங்க" என்றாள்.

அவன் கழுவினான். முழங்கை வரை, சோப்பு நுரைத்து, விரலிடுக்கெல்லாம். உள்ளே போவான், வருவான், மறுபடி கழுவுவான். தோல் வெடித்துவிட்டது. காலையில் எண்ணிக்கை வரும். இருநூறு. நூறு. நூறு. ஒருநாள் முந்நூறு என்றதும் சுந்தரராஜுலு வராந்தாவில் எழுந்து நின்று கும்பிட்டார். மறுநாள் மறுபடியும் நூறு. தொட்டியில் இறக்கிய பம்ப் தண்ணீர் தள்ளாவிட்டால் ரவிதேஜாவுக்கு எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரியும். இங்கே அவன் கை வைக்க எந்த இடமும் இல்லை.

சுந்தரராஜுலு தினமும் ஒரு கேன் சிறுவாணித் தண்ணீரோடு வந்தார். வெளித் தண்ணீர் உள்ளே கூடாது என்று வாசல் செக்யூரிட்டி சொன்னார். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் நாங்களே கொடுக்கிறோம் என்று நர்ஸ் சொன்னாள். அவர் சண்டை போடவில்லை. கோபம் வந்தால் வீட்டுத் தெலுங்கில் பேசுகிறவர் தமிழிலேயே சரிங்க அம்மணி என்றார். கேனை இரண்டு காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் அதை அப்படியே திருப்பி எடுத்துப் போவார். மறுநாள் புதிதாகப் பிடித்து வருவார்.

ஹாரிகா பெரும்பாலும் தூங்கினாள். விழித்திருக்கும்போது பேச்சு குறைவு, வாயெல்லாம் புண். ஒருநாள் அவன் கையைப் பிடித்துப் பார்த்து, என்ன இப்படி வெடித்துக் கிடக்கிறது என்று சைகையில் கேட்டாள். தண்ணீர் சரியில்லை என்று அவன் சொன்னான். அவள் உதட்டைத் திறக்காமல் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவளுக்கு வலித்திருக்கும்.

ஒரு மத்தியானம் ரத்த அழுத்தம் இறங்கத் தொடங்கியது. மூச்சு இரைத்தது. தொண்டையில் குழாய் போட்டு மூச்சு மெஷினில் வைக்கப்போகிறோம் என்றார்கள். வைத்தார்கள். அடுத்த நாள் மாலை பிரத்யுஷா வெளியே வந்து மாஸ்கைக் கழற்றினாள். அவள் மாஸ்கைக் கழற்றி அவன் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பரிசோதனை முடிவு காரியமெல்லாம் முடிந்த பிறகு வந்தது. பிரத்யுஷா போனில் சொன்னாள். இரண்டு பிரதியும் பழுது. கூடப் பிறந்தவர்கள் இருந்தால் அவர்களுக்குச் சொல்லி வையுங்கள், எந்தக் காலத்திலாவது இந்த மருந்தை எழுதினால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்றாள். முன்னாலேயே தெரிந்துகொள்ள வழி இருந்ததா என்று அவன் கேட்டான். பரிசோதனை இருக்கிறது, எல்லோருக்கும் எழுதுவதில்லை என்றாள். இனிமேல் நான் எழுதுவேன் என்றும் சொன்னாள்.

ஹாரிகாவின் தம்பி சசிதரைக் காந்திபுரத்துக்கு வரச் சொல்லி, ஒரு பேக்கரியில் உட்கார்ந்து ரவிதேஜா எல்லாவற்றையும் சொன்னான். மருந்தின் பெயரைச் சசிதரின் போனில் தானே அடித்துக் கொடுத்தான். சசிதர் போனை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"அப்பா அம்மாவுக்கு இது தெரிய வேண்டாம் பாவா. ரெண்டு பேர்கிட்ட இருந்தும் சேந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா, அப்புறம் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் எப்படிப் பாப்பாங்க?"

அதனால் செல்வபுரத்தில் இன்றைக்கும் தண்ணீர்தான் காரணம். துக்கம் கேட்க வருகிறவர்களிடம் கனகம், அந்த உப்புத் தண்ணீர் என் பெண்ணைக் கொன்றுவிட்டது என்று சொல்கிறாள். ரவிதேஜா அங்கே இருந்தால் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பான். துடியலூர் ஃபிளாட்டை இன்னும் காலி செய்யவில்லை. காலையில் எழுந்ததும் மோட்டார் போடுகிறான்.

கனகம் இன்னொன்றும் சொல்கிறாள். அதைச் சொல்லும்போது வந்தவர்கள் எல்லோரும் அழுவார்கள். "கடைசியா என்ற புள்ள என்ன சொல்லுச்சு தெரியுங்களா? அம்மா, அவரைத் தனியா உட்டுறாதீங்கன்னுச்சு." எல்லோரும் திரும்பி ரவிதேஜாவைப் பார்ப்பார்கள். அவன் தலையை ஆட்டிவைப்பான். கனகம் அப்போது அறைக்குள் இல்லை. வராந்தாவில் சுந்தரராஜுலுவின் பக்கத்தில் இருந்தாள். யார் மேலும் தப்பில்லை. அப்படி ஒன்றைச் சொல்லியிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

உள்ளே இருந்தவன் அவன் மட்டும்தான். குழாய் போடுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு வாருங்கள் என்று விட்டார்கள். கையைக் கழுவிக்கொண்டு போனான். சின்ன அறை. மெஷினைத் தள்ளிக்கொண்டு ஒருவர், தலைமாட்டில் பிரத்யுஷா, இரண்டு பக்கமும் நர்ஸ்கள். அவன் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். நர்ஸ் அவனிடம் என்னவோ சொன்னாள். இன்னொரு தடவையும் சொன்னாள். அவன் காதில் விழவில்லை. ஹாரிகா கையை உயர்த்தி ஆக்சிஜன் மாஸ்கைக் கொஞ்சம் விலக்கினாள். அவனைப் பார்த்தாள். புண் வாயோடு, ஒவ்வொரு சொல்லாக, தெளிவாகவே சொன்னாள்.

"ஏனுங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அவங்களுக்கு எடம் பத்தல."